விழுப்புரத்தில் நடக்காத குழந்தை

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறுகிறார்கள். நான் ஏறியது டவுன் பஸ். கடல் எதையும் தாண்டவில்லை. விக்கிரவாண்டிக்கு அப்பால் ஓர் ஏரி உடைந்து ரோட்டில் ஓடிய தண்ணீரைத் தாண்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் என்னை அயல்நாட்டுக்காரியாக வைத்துத்தான் பேசினார்கள் என்பதால், இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். சேர்க்கலாமா என்று சந்தேகமாகவும் இருக்கிறது.

என் கணவருடைய ஊர் கல்வராயன் மலைமேல் இருக்கும் கடுக்காம்பாடி. அவர் திண்டிவனத்தில் படித்த காலத்தில் எங்கள் சித்தப்பா வீட்டு மாடியில் குடியிருந்தார். அது எப்படிக் கல்யாணத்தில் முடிந்தது என்பது வேறு கட்டுரை. அதை நான் எழுதப்போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த மலைக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருந்தேன். அவர் ராணுவத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தார். பிரசவத்துக்காகத் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தில் அம்மா வீட்டுக்கு வந்த நான், குழந்தைக்குச் சளி, வெயில், மழை என்று ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டேன்.

கடுக்காம்பாடியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த மலையில் வேறு எந்த ஊரிலும் அது இல்லையாம். அதில் அவர்களுக்குப் பெருமை. குழந்தை யார் கையையும் பிடிக்காமல் முதன்முதலில் நடப்பது ஊர் மண்ணிலேயே இருக்கவேண்டும். நடந்தால் அது ஊர்ப் பிள்ளை. ஊர்ப் பலா மரங்களில் அதற்குப் பங்கு உண்டு, கூட்டத்தில் பேச்சு உண்டு, ஒன்று என்றால் ஊரே வந்து நிற்கும். வேறு மண்ணில் நடந்துவிட்டு வந்தால் ‘வந்த பிள்ளை’. வந்த பிள்ளையை யாரும் ஒதுக்குவதில்லை, மரியாதையாகத்தான் நடத்துவார்கள். அந்த மரியாதைதான் பிரச்சினை. ஊரில் அப்படி ஒரு தாத்தா இருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோது அவர் சந்தைக்குப் போகிற வழியில் நடந்ததைச் சொந்தத் தாய்மாமனே பார்த்துவிட்டு வந்து சபையில் சொல்லிவிட்டாராம். பேரன் எடுத்த பிறகும் அவர் கூட்டத்தில் வாயைத் திறந்தால், “உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொல்லை” என்று பணிவாகச் சொல்லி உட்காரவைத்துவிடுகிறார்கள்.

இதை என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய அக்கா பொன்னம்மா சிரிக்காமல் சொன்னார். லீவு முடிந்து ரயில் ஏறும்போது கணவரும் சிரிக்காமல், “பாப்பா விஷயம் மட்டும் பாத்துக்க வசந்தா” என்றார். நான் தாவரவியல் படித்தவள். மண்ணுக்கும் காலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதாக எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் பாப்பா சுவரைப் பிடித்து எழுந்து நின்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஐப்பசி மழையில், ஒரு கறுப்புக் குடையும் சாமை மூட்டையும் தேன் பாட்டிலுமாகப் பொன்னம்மா அண்ணி எங்களை அழைத்துப்போகப் பிரம்மதேசத்துக்கு வந்து இறங்கினார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“நடக்கலையே?”

“இல்லீங்க அண்ணி. புடிச்சிக்கினு நிக்கிறா.”

“நிக்கட்டும். நின்னா தப்பில்ல.”

அந்த நேரம் பார்த்து என் அம்மா, திண்டிவனத்தில் வாங்கிப் பரண்மேல் மறைத்து வைத்திருந்த நடைவண்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சக்கரம், பச்சைக் கட்டை. அண்ணி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஏங்க, எங்க ஊட்டுத் தரையில இன்னா முள்ளா மொளைச்சிருக்குது?” என்றாள் அம்மா. “எம்பொண்ணு இதே தரையிலதான் மொதமொதல்ல நடந்தா. காலு ஒண்ணும் கோணிக்கினு பூடலை.”

“அதனாலதாங்க அவ உங்க பொண்ணு” என்றார் அண்ணி.

நடைவண்டி பரணுக்கே திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் கிளம்பினோம். என் பையில் பிளாஸ்க், பால் பவுடர் டின், கிரைப் வாட்டர், துணிகள், துணி ஈரமானால் மாற்றுவதற்குத் துணிகள், அதுவும் ஈரமானால் மாற்றுவதற்குத் துணிகள். அண்ணியின் பையில் வெற்றிலை மட்டும். பாப்பாவை யார் தூக்குவது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒப்பந்தம்: ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்கு; நடுவில் தரை கிடையாது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முதல் சோதனை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கும் ஓர் அம்மாள் எங்களுக்கு எதிரே கூடையை இறக்கி வைத்துவிட்டு, பாப்பாவைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

“வாடி என் ராசாத்தி, நடந்து வா. வந்தா மல்லாட்டை தர்றேன்.”

என் இடுப்பிலிருந்து பாப்பா கரைந்து ஒழுகுவதுபோல் இறங்கப் பார்த்தாள். அண்ணி இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாப்பா வீல் என்று கத்தினாள். ஒரு பஸ் ஸ்டாண்டில் ஒரு குழந்தை கத்தினால், மருத்துவம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் நம் நாட்டில் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

“புள்ளைக்குக் கால்ல எதுனா கோளாறாம்மா?”

“வெயில்ல காட்டணும். எங்கண்ணன் பையனுக்கு இப்பிடித்தான் இருந்துச்சு.”

“மழையில எங்கேருந்துய்யா வெயிலு? ஜல்தியா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போங்க.”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது!” என்றேன் நான்.

“அப்ப எறக்கி உட்றதுதான?” என்றாள் மல்லாட்டைக்காரி. “ஏம்மா, புள்ளைக்குக் காலு குடுத்த சாமி என்னா முட்டாளா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதையே நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பதில் சொல்வதற்குள் அண்ணி என் முழங்கையைப் பிடித்து விழுப்புரம் பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டார். பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் வந்து என் மடியில் விழுந்தது. அவள் காசு வாங்கவில்லை.

அண்ணி கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே வருவது இதுதான் முதல் தடவை. வரும்போது மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லையாம். ஜன்னலோரம் உட்கார்ந்து இருபுறமும் விரிந்து கிடந்த வயல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார்.

“வசந்தா, இங்க நெலம் எங்கயுமே எழும்பலையே.”

“ஆமாங்க அண்ணி, சமவெளி.”

“அப்ப எதை அடையாளம் வெச்சு வூட்டுக்குப் போவீங்க?”

எங்களுக்கு ரோடு உண்டு, மைல்கல் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது அது இல்லை என்று தோன்றியதால் சொல்லவில்லை. கூட்டேரிப்பட்டு வந்ததும் தூரத்தில் மயிலம் மலை தெரிந்தது. நான் உற்சாகமாகக் கையைக் காட்டினேன்.

“அதோ பாருங்க அண்ணி, மலை!”

அவர் எட்டிப் பார்த்தார். “எங்க?”

“அதோ, கோபுரம் தெரியுதே, அதுதான்.”

“அது மலையா?” கன்னத்தில் போட்டுக்கொண்டார், சாமிக்காக. பிறகு என் காதருகே குனிந்து, “யாரோ வூடு கட்டக் கல்லு கொட்டி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்” என்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “அண்ணி, மலை மண்ணுன்னா இதுவும் மலைதானே? இங்கே இறங்கி பாப்பாவை ஒரு தடவை...”

“மலை எவனுக்கு வேணும்?” என்றார் அண்ணி. “உலகத்துல ஆயிரம் மலை இருக்கும். ஊருதான வேணும்.”

விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள் வால் முளைத்ததுபோல் வரிசையாக நின்றன. ஏரி உடைந்து ரோட்டில் முட்டியளவு தண்ணீர் என்றார்கள். சிலர் இடுப்பளவு என்றார்கள். கண்டக்டர் மட்டும் எதையும் பார்க்காமலே, “இன்னிக்கிப் போவாது, எல்லாரும் எறங்குங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

லாரிக்காரர்களுக்கான ஒரு புரோட்டா கடையில் ஒதுங்கினோம். கடைக்காரரின் மனைவி நல்லவர். கைக்குழந்தையைப் பார்த்ததும் பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் இடம் கொடுத்தார். பாப்பாவுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி வைத்துத் தந்தார். அதைக் கொடுக்கலாமா, தண்ணீர் கொதித்திருக்குமா என்று நான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா பாதியைக் குடித்துவிட்டாள். அண்ணிக்கு வாழ்க்கையில் முதல் புரோட்டா. ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

“எப்படி இருக்குதுங்க அண்ணி?”

“இதை மென்னு முழுங்கறதுக்குள்ள நான் மலையே ஏறிடுவேன்.”

ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கடையில் ஓர் ஆந்திர லாரி டிரைவர் இருந்தார். வாட்டசாட்டமான ஆள், முறுக்கிய மீசை. பாப்பா அந்த மீசையிலேயே கண்ணாக இருந்தாள். அவர் இரண்டு விரல்களை நீட்டினார், பாப்பா பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நடப்பது நடையில் சேராது என்பதால் அண்ணியும் விட்டுவிட்டார். டிரைவர் குனிந்தபடி, புரோட்டாக் கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அவளை நடத்திக்கொண்டு போனார். நடுவழியில் மெதுவாக விரல்களை உருவிக்கொண்டார்.

அண்ணி வாயிலிருந்த புரோட்டாவோடு பாய்ந்தார். இரண்டு பெஞ்சுகளும் ஒரு சாம்பார் வாளியும் கவிழ்ந்தன. பாப்பா காலைத் தூக்குவதற்குள் அண்ணியின் கையில் இருந்தாள். டிரைவர் பயந்துபோய்த் தெலுங்கில் ஏதோ சொன்னார். புரோட்டா மாஸ்டர் மாவைத் தட்டிக்கொண்டே மொழிபெயர்த்தார்:

“‘மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்கு நாலு புள்ளைங்க. ஒண்ணு மொதல்ல நடந்ததைக்கூட நான் பாத்ததில்லை. எப்பவும் ரோட்டுலதான் இருக்கேன். அதான் ஒரு ஆசை’ன்றாரு.”

அஸ்ஸாமில் இருப்பவரும் பார்க்கப்போவதில்லை.

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அவரை அவரு ஊருக்குப் போயி பாக்கச் சொல்லு” என்றார் மாஸ்டரிடம். மாஸ்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அண்ணி சாம்பார் பட்ட புடவையை அலசப் போகும்போது பாப்பாவை என்னிடம் தரவில்லை. அந்த டிரைவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்வரை அவர் அசையாமல், உடையும் பொருளைத் தூக்கிவைத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் தண்ணீர் வடிந்து, பஸ்கள் ஊர்ந்து, ஒருவழியாக விழுப்புரம் வந்தோம். கள்ளக்குறிச்சி பஸ் எப்போது என்று விசாரித்தேன். ஒருவர் “இதோ இப்போ” என்றார். இன்னொருவர் “அது போயிடுச்சே” என்றார். மூன்றாமவர், “அது இன்னும் கள்ளக்குறிச்சியை விட்டே கெளம்பலை” என்றார். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி பாப்பாவுக்குப் பால் வாங்கிவர டீக்கடைக்குப் போனார்.

பாப்பா ஈரமாகிவிட்டிருந்தாள். துணி மாற்ற அவளை இடுப்பிலிருந்து இறக்கவேண்டும். பெஞ்சில் நிற்கவைத்தால் விழுவாளோ என்று பயம். தரையில் நிற்கவைத்தால் நடப்பாளோ என்று பயம். ஒரு நிமிஷந்தானே என்று தரையில் என் செருப்புகளின் மேல் நிற்கவைத்தேன். செருப்பு தரை ஆகாது என்று கணக்கு. பையைத் திறந்து உலர்ந்த துணியைத் தேடினேன்.

சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. கதாநாயகனின் மீசைவரை வந்திருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள். செருப்பிலிருந்து இறங்கினாள். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, வயிறு முன்னால் வர, யாரையும் எதையும் பிடிக்காமல், ஆட்டை நோக்கி நடந்து போனாள்.

அந்தக் காட்சிக்காக எத்தனை இரவு கற்பனை செய்திருப்பேன். நான் கை தட்டுவேன், அழுவேன், வாரி எடுத்து முத்தமிடுவேன் என்றெல்லாம். செய்தது என்னவென்றால், திருடியைப்போல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓடிப்போய் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். “நடக்காதே, நடக்காதே கண்ணு” என்றேன். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். தான் செய்தது பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா ஏன் கொண்டாடவில்லை என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் பால் டம்ளருடன் அண்ணி வந்துவிட்டார். பாப்பா அவரைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு எழுந்து மறுபடி நடந்தாள்.

அண்ணி நடுவழியில் நின்றார். கண்களை இறுக மூடிக்கொண்டார். அப்படியே முதுகைக் காட்டித் திரும்பினார். பால் பாதி கொட்டியது.

“நான் பாக்கலை!” என்று கத்தினார். “நான் ஒண்ணுமே பாக்கலை!”

“இன்னாம்மா, கண்ணுல எதுனா பட்டுக்கிச்சா?” என்றார் ஒருவர்.

“எம்மா, புள்ள நடந்து வருதும்மா, திரும்பிப் பாரும்மா!” என்றார் டீக்கடைக்காரர், கடையிலிருந்தே.

“பாக்க மாட்டேன்!”

“ஐயய்யே, இன்னா பொம்பளையா கீது! பச்சப்புள்ள ஆசையா வருது, மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்குதே!”

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டே எங்கள் பாப்பா நடந்ததைப் பார்த்தது. கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்த மூவரும் பார்த்தார்கள். ஆடுகூடப் பார்த்தது. அண்ணி மட்டும் பார்க்கவில்லை. பாப்பா போய் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டதும், “பிடிச்சிருக்காளா?” என்று கேட்டு, ஆம் என்றதும்தான் கண்ணைத் திறந்தார்.

“ஊர்க்காரங்க கண்ணுல படாதது நடை இல்ல” என்றார் மூச்சு வாங்க. “ஊர்ல கேப்பாங்க. நான் பாக்கலை. முடிஞ்சுபோச்சு.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “நான் பார்த்தேனே அண்ணி. நீங்க வர்றதுக்கு முன்னாடியும் ஒருதடவை.”

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் மனசில் ஓடியது எனக்கும் ஓடியது. நான் கடுக்காம்பாடி மருமகள். நான் ஊர்க்காரி என்றால் என் கண்ணும் ஊர்க் கண், பாப்பா வந்த பிள்ளை. நான் ஊர்க்காரி இல்லை என்றால் பாப்பா தப்பித்தாள். ஆனால் அப்போது நான் யார்?

“பஸ்ஸு வந்துடுச்சு” என்றார் அண்ணி. உண்மையிலேயே வந்திருந்தது.

அதன்பிறகு ஊர் போய்ச் சேரும்வரை அண்ணி பாப்பா இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. கள்ளக்குறிச்சிவரை எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் பார்க்காமலே வெற்றிலையை நீட்டினார். அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கியபோது சுவரைப் பார்த்துப் படுத்தார். மூன்றாம் நாள், பஸ் விட்ட இடத்திலிருந்து மலைப்பாதையில் முன்னால் நடந்தபடி பேசிக்கொண்டே போனார். பாப்பாவை நான்தான் சுமந்தேன். ஏற ஏற எனக்கு மூச்சு முட்டியது. அவருக்கு வயசு குறைந்தது. ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொன்னார், உறவுக்காரர்களை அறிமுகம் செய்வதுபோல. இது மழைக்கு ஒதுங்குற பாறை. இது எங்கப்பா கோவிச்சுக்கினு வந்து உக்காந்த பாறை. எதிரே சுள்ளிக்கட்டுடன் இறங்கியவர்கள் எல்லோரும் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: “நம்ம புள்ளையா?”

“சாயங்காலம்தான் தெரியும்” என்றார் அண்ணி.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஒரு பக்கம் பெரிய பாத்திரங்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஊர்ப்பெரியவர் என் கணவருக்குச் சித்தப்பா முறை. மெலிந்த மனிதர், காதில் கடுக்கன்.

“பொன்னம்மா, வழியில புள்ள நடந்துச்சா?”

“நான் பாக்கலை சித்தப்பா.” இதைவிடச் சத்தியமான பதிலை அந்தக் கோயில் கேட்டிருக்காது.

பெரியவர் தலையாட்டிவிட்டு, ஒரு மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியாம்மா?”

அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் கண்ணில் தூசி விழுந்ததாக நினைத்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சபையில் முதன்முதலாக என்னை ஒரு கேள்வி கேட்கிறார்கள். முதல் பதிலே பொய்யாக இருக்கலாமா? பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“பார்த்தேன் மாமா. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒரு ஆட்டைப் பார்த்து நடந்தா.”

அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது.

“எம்மா,” என்றார் பெரியவர், வலி வந்தவர்போல, “இந்த ஊருப் புள்ளைங்க பாதிக்கு மேல அம்மா ஊட்டுலதான் பொறக்குது. அங்கதான் நடக்குது. எல்லாருக்கும் தெரியும். ஆனா பெத்தவ யாரும் பாத்தேன்னு சொன்னதில்ல. எங்கம்மாவே சொன்னதில்ல.”

“சபையில சொன்னது சொன்னதுதான்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “காதுல விழுந்ததை எடுத்து எங்க போடறது?”

ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. ஒரு வரி உண்மைக்காக என் பெண்ணை ஆயுசுக்கும் விருந்தாளி ஆக்கிவிட்டேனே.

அப்போது அண்ணி எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

“ஏஞ் சித்தப்பா, இவ யாரு? இவ நம்ம ஊரா? ஒரு தடவ வந்துட்டு ஓடிப்போனவ. ரேஷன் கார்டுகூட அவங்கம்மா ஊட்டுலதான் கெடக்குது. கேப்பைக் களி கிண்டத் தெரியாது. மயிலத்துல கல்லுக் குவியலைக் காட்டி மலைன்னு சொல்றா. இவ கண்ணு ஊருக் கண்ணா? ஆடு பாத்தமாதிரிதான் இவ பாத்ததும்!”

என் வாழ்நாளில் என்னை யாரும் அவ்வளவு திட்டியதில்லை. அவ்வளவு பரிந்து பேசியதும் இல்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலை குனிந்துகொண்டேன்.

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். பின்னாலிருந்தவர் யோசித்து, “களிகூடத் தெரியாதா?” என்று கேட்டார். அண்ணி சத்தியம் செய்தார்.

“அப்ப சரி” என்றார் பெரியவர், பெரிய நிம்மதியோடு. “இந்தம்மா விருந்தாளி. விருந்தாளி பாத்தது கணக்குல வராது. புள்ளையை எறக்கு.”

பாப்பாவை ஊர் மண்ணில் இறக்கினார்கள். ஊரே கை தட்டியது. விழுப்புரத்தில் ஓடாத குறையாக நடந்தவள், அங்கே தொப்பென்று உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தூக்கி நிறுத்தினார்கள்; உட்கார்ந்தாள். மணி ஆட்டினார்கள், மணியைக் கேட்டு உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். அண்ணி முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்து, “நடடி, இப்ப பாக்கறேன்டி” என்று கெஞ்சினார். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பசிக்குதோ என்னவோ. மொதல்ல பந்தியைப் போடுங்க” என்றார் பெரியவர்.

அந்த ஊரில் விருந்தாளிக்குத்தான் முதலில் இலை. விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். அன்றைக்கு விருந்தாளி நான் ஒருத்திதான். கோயில் வாசலில் நீளமாக விரித்த பாயில் என்னை மட்டும் உட்காரவைத்து ஓர் இலை போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். ஊர் முழுக்க எதிரே பசியோடு நின்று, நான் சாப்பிடுவதை மரியாதையாகப் பார்த்தது. அண்ணியின் காலடியில் பாப்பா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வேகமாகச் சாப்பிட்டால் அநாகரிகம், மெதுவாகச் சாப்பிட்டால் இவர்கள் பட்டினி. ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எது சரி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா எழுந்து நின்றாள். யாரும் கை தட்டவில்லை. கைகளை விரித்துக்கொண்டு, வயிறு முன்னால் வர, அத்தனை ஊர்க் கண்களும் பார்க்க, ஊர் மண்ணில் நடந்து, நேராக விருந்தாளிப் பாய்க்கு வந்து, என் மடியில் உட்கார்ந்து, இலையில் கையை வைத்தாள்.

ஊர் ஆரவாரம் செய்தது. பிறகு ஆரவாரம் மெல்ல அடங்கியது. ஊர்ப் பிள்ளை விருந்தாளிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தார்.

பொன்னம்மா அண்ணி ஓர் இலையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்தார்.

“தள்ளி உக்காரு வசந்தா” என்றார். “பசிக்குது.”